வீடியோ பார்த்தால் புரிகிறது, வெற்றுக் கோப்பைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை: வெப் புரோகிராமிங்குக்கு எந்தச் சின்னப் பயிற்சிகள்?

வெற்றுக்கோப்பு கேட்டது:

வணக்கம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்டில் வேரியபிள், இஃப், ஃபார் லூப், ஃபங்ஷன், அர்ரே வரை பார்த்தாயிற்று. டு-டு லிஸ்ட் செய்துகாட்டும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே தட்டினால் ஓடுகிறது. வீடியோவை மூடிவிட்டு வெற்றுக் கோப்பைத் திறந்தால் முதல் வரியே வருவதில்லை.

தினம் ஒரு மணி நேரம் கிடைக்கும். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், குரோம், விஎஸ் கோட். ரியாக்ட் பக்கம் இப்போதைக்குப் போவதாக இல்லை.

1. பயிற்சி எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும், எந்த வரிசையில் போடலாம்?
2. ஒரு பயிற்சி முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?
3. எப்போது விடையைப் பார்க்கலாம்?

கூடவே ஒரு சிக்கல். இரண்டு பெட்டி, ஒரு கூட்டு பட்டன் வைத்த ஃபார்ம். 10, 20 போட்டால் 1020 என்று வருகிறது. அதுவும் ஒரு நொடி மின்னிவிட்டு மறைந்துபோகிறது, பெட்டிகளும் காலியாகிவிடுகின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

---

புள்ளிக்கோலம் பதில்:

முதலில் 1020. இன்புட் பெட்டியிலிருந்து வரும் வேல்யூ எப்போதுமே ஸ்ட்ரிங்தான். டைப் நம்பர் என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். இரண்டு ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே + வந்தால் ஒட்டும், கூட்டாது. கழித்தலும் பெருக்கலும் தாமாகவே எண்ணாக மாற்றிக்கொள்வதால் அங்கே விடை சரியாக வந்துவிடும். "கழித்தல் வேலை செய்கிறதே, கூட்டல் மட்டும் ஏன் இல்லை" என்று பலர் குழம்புவது இதனால்தான். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, அதே வரியிலேயே, நம்பர் ஃபங்ஷனில் போட்டு மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் நாலு இடத்தில் மறக்கும்.

மறைந்துபோவதற்குக் காரணம் வேறு. ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் எதுவும் கொடுக்காவிட்டால் அது சப்மிட் பட்டன். அழுத்தியதும் ஃபார்ம் அனுப்பப்பட்டு, பக்கம் புதிதாக ஏறுகிறது. முகவரிப் பட்டையின் கடைசியில் ஒரு கேள்விக்குறி முளைத்திருக்கும், பாருங்கள், அதுதான் அடையாளம். பட்டனின் டைப்பை பட்டன் என்றே மாற்றினால் நிற்கும். அதைவிட நல்லது, ஃபார்மின் சப்மிட் ஈவென்ட்டைக் கேட்டு, முதல் வரியில் ப்ரிவென்ட்டிஃபால்ட் (preventDefault, உலாவி வழக்கமாகச் செய்வதை நிறுத்தும் மெத்தட்) அழைப்பது. அப்போதுதான் எண்டர் தட்டினாலும் கணக்கு நடக்கும்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. டு-டு லிஸ்ட்டை எல்லோரும் ஆரம்பப் பயிற்சி என்கிறார்கள். அது ஆரம்பப் பயிற்சி அல்ல. பெட்டியிலிருந்து எடுப்பது, அர்ரேயில் சேர்ப்பது, அர்ரேயைப் பட்டியலாக வரைவது, ஒவ்வொரு வரிக்கும் நீக்கு பட்டன் வைத்து எந்த வரி என்று கண்டுபிடிப்பது, பக்கத்தை மூடினாலும் அழியாமல் சேமிப்பது என்று ஐந்து வேலைகள் அதற்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஐந்தையும் தனித்தனியாகச் செய்யாதவருக்கு முதல் வரி வராததில் வியப்பில்லை.

சின்னது என்றால் என் அளவுகோல் இது: ஒரு உள்ளீடு, ஒரு கணக்கு, ஒரு வெளியீடு. மொத்த ஜாவாஸ்கிரிப்ட் 30 வரிக்குள். மின் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளது பயிற்சிக்காக வைத்த கட்டணம், வாரியத்தின் விகிதம் அல்ல:

முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய். 201 முதல் 400 வரை 4 ரூபாய். 400-க்கு மேல் 6 ரூபாய்.

எடிட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இந்த ஏழு விடைகளையும் கையால் கணக்குப் போட்டு எழுதுங்கள்:

0 → 0
100 → 0
101 → 2
200 → 200
201 → 204
400 → 1000
401 → 1006

இந்தப் பட்டியல்தான் பயிற்சியின் முக்கால் பங்கு. எண்களைக் கண்டபடி பொறுக்கவில்லை, ஒவ்வொரு வரம்பின் இரு பக்கமும் எடுத்திருக்கிறேன். தவறுகள் வரம்பில்தான் குடியிருக்கும். மொத்த யூனிட்டையும் கடைசி விகிதத்தால் பெருக்குவது இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. 201 போட்டால் 804 வரும், தாளில் இருப்பது 204. 150 போன்ற ஒரு நடு எண்ணை மட்டும் சோதித்தால், 201-லிருந்து தொடங்கும் விகிதத்தில் உள்ள பிழை கண்ணில் படாமலே போகலாம்.

பிறகு வேலையை இப்படிப் பிரியுங்கள். முதலில் யூனிட்டை வாங்கி ரூபாயைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் மட்டும். அதற்குள் பக்கத்தைப் பற்றிய ஒரு சொல்லும் இருக்கக்கூடாது: டாக்குமென்ட் வராது, அலர்ட் வராது. அதைக் கன்சோலில் ஏழு எண்களுக்கும் ஓட்டிப் பாருங்கள். ஏழும் சரியானால் மட்டும் எச்டிஎம்எல்: ஒரு லேபிள், ஒரு இன்புட், ஒரு பட்டன், விடைக்கு ஒரு வெற்றுப் பத்தி. கடைசியாக இரண்டையும் இணைக்கும் ஐந்தாறு வரி.

"முதல் வரி வரவில்லை" என்றீர்களே, இந்த முறையில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: ஃபங்ஷனின் பெயரும் அது வாங்கும் பொருளும்.

இரண்டாவது கேள்விக்கு: ஓடுகிறது என்பதால் முடிந்ததாகாது. ஏழு சோதனையும் தேற வேண்டும். மறுநாள் பழைய கோப்பைத் திறக்காமல் வெறும் கோப்பிலிருந்து மறுபடி எழுத வர வேண்டும். அதற்குப் பிறகு விதி ஒன்றை மாற்றுங்கள், 500 யூனிட்டைத் தாண்டினால் இலவச 100 கிடையாது என்று. கோப்பை முழுக்கக் கலைக்காமல் அந்த விதியை நுழைக்க முடிந்தால் பயிற்சி முடிந்தது.

---

தறிநூல் பதில்:

மேலே சொன்னதில் பெரும்பகுதிக்கு உடன்பாடு. ஒரு வேறுபாடு உண்டு: முதல் இரண்டு வாரம் பக்கமே வேண்டாம் என்பேன். குரோமில் எஃப் 12 தட்டி, சோர்ஸஸ் தாவலில் ஸ்னிப்பெட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கோப்பு, ஃபோல்டர் எதுவும் இல்லாமல் அங்கேயே எழுதி கன்ட்ரோல் எண்டர் தட்டினால் ஓடும். ராம் குறைவான லேப்டாப்புக்கு எடிட்டரைத் திறக்கும் பாரமும் மிச்சம். பக்கமும் கணக்கும் சேர்ந்து இருந்தால் பிழை எந்தப் பக்கம் என்று தேடுவதிலேயே அந்த ஒரு மணி நேரம் கரைந்துவிடும்.

வெறும் ஃபங்ஷனாக எழுத நல்ல சில:

லீப் வருடம். 2024 ஆம், 2023 இல்லை, 1900 இல்லை, 2000 ஆம். நாலால் வகுபட்டால் போதும் என்று எழுதுபவரை 1900 பிடிக்கும்.

வரி உள்ளடங்கிய விலையிலிருந்து ஜிஎஸ்டியைப் பிரிப்பது. 18 சதவீதம் சேர்த்து 1180 என்றால் அடிப்படை விலை 1000, வரி 180. 1180-க்கு 18 சதவீதம் பார்த்து 212.40 என்று எழுதினால் தவறு, 1.18-ஆல் வகுக்க வேண்டும். இதைச் செய்யும்போதே 0.1 + 0.2 என்று கன்சோலில் தட்டிப் பாருங்கள். 0.30000000000000004 வரும். பைனரியில் 0.1-ஐ முழுதாக எழுத முடியாததால் வருவது இது, ஜாவாஸ்கிரிப்டின் குறை அல்ல. பணக் கணக்கைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுப்பது நல்ல பழக்கம்.

லட்சக் கணக்கில் காற்புள்ளி வைப்பது. 999 → 999, 1000 → 1,000, 100000 → 1,00,000, 12345678 → 1,23,45,678. கடைசி மூன்று இலக்கம் தனி, மீதி இரண்டிரண்டாக. இதற்கு டுலோக்கேல்ஸ்ட்ரிங் என்ற மெத்தட் இருக்கிறது, தமிழ்-இந்தியா லோக்கேலை (மொழி, நாட்டுக் குறி: ta-IN) கொடுத்தால் அதுவே செய்யும். இருந்தாலும் முதலில் கையால் எழுதிவிட்டு, உங்கள் விடையை அதன் விடையோடு ஒப்பிடுங்கள். சோதனைக்கான விடைத்தாள் தானாகவே கிடைத்தது போல.

எண்களை வரிசைப்படுத்துவது. 10, 9, 100, 1 உள்ள அர்ரேயில் சார்ட் அழைத்தால் 1, 10, 100, 9 என்று வரும். ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காதவரை அது எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காக மாற்றித்தான் ஒப்பிடும்.

அடுத்தது ஆங்கிலப் பாடங்களில் கண்ணில் படாத ஒன்று. நம் ஆட்கள் கட்டாயம் செய்ய வேண்டியது: தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து?

'தமிழ்' என்ற சொல்லின் லெங்த் 5 என்று வரும், 3 அல்ல. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து தனித்தனி யூனிகோட் குறிகளாக அது சேமிக்கப்பட்டிருக்கிறது. இதே காரணத்தால், எல்லாப் பாடத்திலும் வரும் பாலிண்ட்ரோம் பயிற்சி தமிழில் உடையும். 'விகடகவி' எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். ஆனால் ஸ்ப்ளிட், ரிவர்ஸ், ஜாயின் மூன்றையும் போட்டுத் திருப்பினால் இகரக் குறி சொல்லின் முதலில் வந்து அநாதையாக நிற்கும், ஒப்பீடு பொய் என்று சொல்லும். சொல்லைத் துண்டாக்கும் இன்டிஎல் செக்மென்டரை (Intl.Segmenter) எடுத்து, கிரானுலாரிட்டியை கிராஃபீம் (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது) என்று வைத்துப் பிரித்தால் வி, க, ட, க, வி என்று ஐந்து துண்டு கிடைக்கும். அதைத் திருப்பி ஒப்பிட்டால் மெய் (true) என்று வரும். ஃபயர்பாக்ஸில் இது 2024-ல் வந்த 125-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு, குரோமில் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது.

சோதனைச் சொற்கள்: தமிழ் → 3, விகடகவி → 5, அம்மா → 3, வெற்று ஸ்ட்ரிங் → 0. இன்னொரு கண்ணி இருக்கிறது. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றாகத் தெரியும், === போட்டால் பொய் வரும். பயனர் தட்டிய சொல்லை எதனோடும் ஒப்பிடும் முன் நார்மலைஸ் மெத்தட்டை அழைத்துவிடுங்கள்.

வரிசைப்படுத்தலும் அப்படியே. யூனிகோட் வரிசையில் ள முன்னே, ழ பின்னே. அதனால் வெறும் சார்ட், 'பள்ளம்' முதலில், 'பழம்' அடுத்து என்று அடுக்கும். அகராதியில் நேர்மாறு. லோக்கேல்கம்பேரை தமிழ் லோக்கேலோடு கொடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் வேரியபிள் பெயரைத் தமிழில் வைக்கவும் தடையில்லை. மேலே சொன்ன மின் கட்டணத்தை இப்படி எழுதினால் ஓடும்:

கட்டணம் = அலகு > 400 ? 1000 + (அலகு - 400) * 6 : அலகு > 200 ? 200 + (அலகு - 200) * 4 : அலகு > 100 ? (அலகு - 100) * 2 : 0

இரண்டு பெயர்களையும் முன்பே லெட் போட்டு அறிவித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆரம்பத்தில் இஃப், எல்ஸ் இஃப் என்று நாலு வரியாகவே எழுதுங்கள். ஒரே வரியில் திணித்தால் பிழை தேட வழியிருக்காது. வேலையில் சேரும்போது பெயர்களை ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

அடைப்புக்குறி பதில்:

இருவரும் சிஎஸ்எஸ்ஸைத் தொடவே இல்லை. 'அடிப்படை முடிந்தது' என்பவர்களில் பாதிப் பேருக்குப் பெட்டியின் அகலக் கணக்கு தெரியாது. மூன்றே பயிற்சி தருகிறேன். மூன்றிலும் உலாவியில் பார்ப்பதற்கு முன் விடையைத் தாளில் எழுத வேண்டும்.

ஒன்று. விட்த் 300 பிக்சல், பேடிங் 20, பார்டர் 1. திரையில் பெட்டியின் அகலம் எவ்வளவு? 342. இரு பக்கப் பேடிங் 40, இரு பக்கப் பார்டர் 2. பாக்ஸ்-சைஸிங்கை பார்டர்-பாக்ஸ் ஆக்கினால் 300. எஃப் 12 தட்டினால் திறக்கும் டெவ்டூல்ஸில் கம்ப்யூட்டட் தாவலில் படமாகவே காட்டும்.

இரண்டு. கார்டுகளை கிரிட்டில் அடுக்குங்கள்: ரிப்பீட், ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ் 160 பிக்சல் முதல் 1 எஃப்ஆர் (மீதமுள்ள இடத்தில் ஒரு பங்கு). இடைவெளி 16, இரு ஓரத்திலும் பேடிங் 16. 360 பிக்சல் அகல மொபைலில் எத்தனை பத்தி (நெடுவரிசை) வரும்? பலர் இரண்டு என்பார்கள். உள்ளே இருக்கும் இடம் 328. இரண்டு பத்திக்கு 160 + 160 + 16 = 336 வேண்டும். எட்டு பிக்சல் போதாமல் ஒரே பத்தியாகிவிடும். 150 என்று மாற்றினால் 316, இரண்டு பத்தி வரும். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தவர் "மொபைலில் மட்டும் ஏனோ உடைகிறது" என்று சொல்ல மாட்டார்.

மூன்று. அதே கார்டுகளுக்குள் 'ஒருங்கிணைக்கப்பட்டிருக்கிறது' மாதிரி நீளச் சொற்களைப் போடுங்கள். சொல் பெட்டியைத் தாண்டி வழியும். ஓவர்ஃப்ளோ-ராப் பண்பை எனிவேர் என்று வைத்தால் உடைந்து அடங்கும். லைன்-ஹைட்டை 1.6 அளவுக்கு வைக்காவிட்டால் கொக்கியும் கொம்பும் மேல் வரியில் இடிக்கும். ஆங்கில மாதிரி எழுத்தை வைத்து வடிவமைத்துவிட்டுக் கடைசியில் தமிழை ஊற்றுவதால்தான் நம் தளங்கள் பல பார்க்கச் சகிக்காமல் இருக்கின்றன.

மேலே இருக்க வேண்டிய இரண்டு மெட்டா வரிகள்: சார்செட் யுடிஎஃப்-8 இல்லாவிட்டால் தமிழ் எழுத்து கிறுக்கலாகத் தெரியலாம். வியூபோர்ட் வரி இல்லாவிட்டால் மொபைல் உலாவி பக்கத்தை 980 பிக்சல் அகலமாக எடுத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும், உங்கள் மீடியா குவெரி எதுவும் எட்டிப் பார்க்காது. எச்டிஎம்எல் டேகில் மொழியைத் தமிழ் என்று குறித்துவிடுங்கள், திரைவாசிப்பான்கள் அதைப் பார்த்துத்தான் உச்சரிப்பைத் தேர்ந்தெடுக்கும்.

---

வெற்றுக்கோப்பு:

மூவருக்கும் நன்றி. மின் கட்டண ஃபங்ஷன் ஏழு சோதனையும் தேறிவிட்டது. பக்கத்தோடு இணைக்கும்போது இரண்டு கேள்வி.

ஸ்கிரிப்ட் டேகை ஹெட்டுக்குள் மாற்றியதும் "நல்லின் (null) பண்புகளைப் படிக்க முடியாது" என்ற பொருளில் சிவப்பு வரி வருகிறது. அதே கோடு பாடியின் கடைசியில் இருந்தால் ஓடுகிறது.

பெட்டியைக் காலியாக விட்டால் 0 ரூபாய் என்கிறது. டைப்பை டெக்ஸ்ட் ஆக வைத்து 'நூறு' என்று தட்டினாலும் 0 ரூபாய். இவற்றுக்கு என்ன விடை வர வேண்டும் என்பதே தெரியவில்லை.

மின் கட்டணத்துக்கு அடுத்து எது?

---

புள்ளிக்கோலம் பதில்:

நல் என்றால் 'ஒன்றுமில்லை', தேடிய பட்டன் கிடைக்கவில்லை. இந்தப் பிழைக்கு மூன்று காரணம்தான் மாறி மாறி வரும். உலாவி எச்டிஎம்எல்லை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. ஹெட்டில் உள்ள ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் பட்டன் இன்னும் பிறக்கவில்லை. வெளிக்கோப்பாக இருக்கும் ஸ்கிரிப்ட் டேகில் டிஃபர் என்ற சொல்லைச் சேர்த்தால் பக்கம் முழுதும் படித்த பிறகு ஓடும். இரண்டாவது, ஐடியில் எழுத்துப் பிழை; பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் கணக்கு. மூன்றாவது, குவெரிசெலக்டரில் ஐடிக்கு முன் # போட மறப்பது, அல்லது கெட்எலிமென்ட்பைஐடியில் தேவையில்லாமல் # போடுவது. பிழை வரியின் வலது ஓரத்தில் கோப்புப் பெயரும் வரி எண்ணும் இருக்கும். அதைச் சொடுக்கினால் அந்த வரிக்கே கொண்டுபோய் விடும்.

ஒரு பிழை செய்தியே இல்லாமல் வரும்: ஆட்ஈவென்ட்லிசனருக்கு ஃபங்ஷன் பெயரைக் கொடுக்கும்போது பின்னால் () போட்டுவிடுவது. அப்போது பக்கம் ஏறியதுமே ஒரு முறை ஓடிவிடும், பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

காலிப் பெட்டி: வெற்று ஸ்ட்ரிங்கை நம்பர் ஃபங்ஷன் 0 ஆக்கிவிடும். 'நூறு' என்பதை என்ஏஎன் (NaN, 'எண் அல்ல' என்ற மதிப்பு) ஆக்கும். அந்த என்ஏஎன் எந்த எண்ணோடும் ஒப்பீட்டில் பொய் என்றே சொல்வதால், உங்கள் இஃப் வரிசை முழுதும் வழுக்கிக்கொண்டு கடைசி எல்ஸில் போய் விழுகிறது. அங்கே 0 இருக்கிறது. தவறான உள்ளீட்டுக்கு நம்பும்படியான விடை வருவதுதான் ஆபத்து. பார்ஸ்இன்ட் இன்னும் தாராளம், '12 யூனிட்' என்று தட்டினாலும் 12 என்று எடுத்துக்கொள்ளும்.

என்ன விடை வர வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், கணினி அல்ல. சோதனைப் பட்டியலில் நாலு வரி கூட்டுங்கள்: காலி, நூறு, -50, 12.5. முதல் மூன்றுக்கும் "யூனிட்டை எண்ணாக எழுதவும்" என்று வரட்டும். 12.5-க்கு என் விருப்பம், அதையும் மறுப்பது. சோதிக்கும் வரிசை முக்கியம்: முதலில் ட்ரிம் செய்து காலியா என்று பார்த்து, பிறகு எண்ணாக்கி, நம்பரின் இஸ்இன்டிஜர் மெத்தடால் முழு எண்ணா என்று கேட்டு, கடைசியாக 0-க்குக் கீழா என்று பாருங்கள். என்ஏஎன்னை === போட்டுத் தேடாதீர்கள், அது தனக்குத்தானே சமமில்லை.

அடுத்த பயிற்சிகள். இவற்றில் மளிகைப் பட்டியலும் அதன் சேமிப்பும் டு-டு லிஸ்ட்டைப் பிரித்ததுதான்.

ஸ்டாப்வாட்ச். தொடங்கு, நிறுத்து, பூஜ்ஜியமாக்கு. எல்லோரும் செட்இன்டர்வலில் 100 மில்லிநொடிக்கு ஒரு முறை 0.1 கூட்டுவார்கள். இரண்டு சோதனை வையுங்கள். முதலாவது, தொடங்கு பட்டனை இரண்டு முறை அழுத்துவது: கடிகாரம் இரட்டை வேகத்தில் ஓடும், நிறுத்து அழுத்தினாலும் ஒன்று மட்டுமே நிற்கும், ஏனென்றால் முதல் இன்டர்வலின் எண்ணின் மேல் இரண்டாவது எண் எழுதப்பட்டுவிட்டது. ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இரண்டாவது, தொடங்கிவிட்டு வேறு தாவலுக்குப் போய் ஒரு நிமிடம் கழித்து வருவது. பின்னணித் தாவலில் உலாவி டைமரை நொடிக்கு ஒரு முறையாகக் குறைத்துவிடும். அறுபது நொடியில் அறுபது முறைதான் கூட்டியிருக்கும், திரையில் ஆறு நொடி அளவுதான் ஏறியிருக்கும். தொடங்கிய நேரத்தை டேட்.நவ் கொண்டு குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் இப்போதைய நேரத்திலிருந்து கழித்துக் காட்டினால் இந்தப் பிரச்சினை இல்லை. இன்டர்வல் திரையைப் புதுப்பிக்க மட்டும், நேரத்தை அளக்க அல்ல.

மளிகைப் பட்டியல், சேமிப்பு இல்லாமல். விதி ஒன்றுதான்: பட்டியல் இருப்பது அர்ரேயில், திரை அதன் நகல். சேர்த்தாலும் நீக்கினாலும் அர்ரேயை மாற்றிவிட்டு, முழுப் பட்டியலையும் புதிதாக வரையும் ஒரே ஃபங்ஷனை அழைக்க வேண்டும். திரையில் ஒரு வரியை அழித்துவிட்டு அர்ரேயை மறந்தால் அடுத்த முறை வரையும்போது அழித்த பொருள் உயிர்த்தெழும். பொருளின் பெயரைக் காட்ட டெக்ஸ்ட்கன்டென்ட்டைப் பயன்படுத்துங்கள். இன்னர்எச்டிஎம்எல் போட்டால் யாராவது பெயருக்குப் பதில் ஒரு டேகைத் தட்டினால் அது டேகாகவே வேலை செய்யும். ஒரு இமேஜ் டேகைத் தட்டிப் பார்த்தால் புரியும்.

நீக்குவதில் ஒரு கண்ணி: 1, 2, 2, 3 உள்ள அர்ரேயில் எல்லா 2-ஐயும் ஃபார் லூப்புக்குள் ஸ்ப்ளைஸ் போட்டு நீக்கினால் ஒரு 2 தப்பிவிடும். ஒன்றை நீக்கியதும் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது, லூப் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அதற்குப் பதில், வேண்டியவற்றை மட்டும் புது அர்ரேயாகத் தரும் ஃபில்டர் எழுதுங்கள்.

அதே பட்டியலில் சேமிப்பு. உலாவியின் சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜ் ஸ்ட்ரிங்கை மட்டுமே வைத்துக்கொள்ளும். ஜேசன் (JSON, தரவை ஸ்ட்ரிங்காக எழுதும் வடிவம்) ஸ்ட்ரிங்கிஃபை போட்டு வைத்து, பார்ஸ் போட்டு எடுக்க வேண்டும். முதல் முறை திறக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது, நல் வரும். அதை அப்படியே லூப்பில் விட்டால் பிழை. || [] என்று சேர்த்தால் வெற்று அர்ரேயாகிவிடும். சோதனை: டெவ்டூல்ஸின் அப்ளிகேஷன் தாவலில் அந்தச் சாவியை அழித்துவிட்டுப் பக்கத்தைத் திறப்பது. உங்கள் கணினியில் ஓடி நண்பரின் கணினியில் ஓடாத கோடுகளில் பலவற்றை இந்தச் சோதனை முன்கூட்டியே பிடிக்கும்.

இவை முடிந்த பிறகு ஃபெட்ச், அதாவது வெளியிலிருந்து தரவைக் கேட்டு எடுப்பது. வெளி ஏபிஐ வேண்டாம், ஐந்து பொருளும் விலையும் உள்ள ஜேசன் கோப்பு ஒன்றை நீங்களே எழுதிப் படியுங்கள். கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் கார்ஸ் (CORS, வேறு மூலத்திலிருந்து படிப்பதற்கான உலாவியின் விதி) என்று பிழை வரும். லோக்கல் சர்வர் வேண்டும். விஎஸ் கோடில் சேர்க்கும் லைவ் சர்வர் நீட்டிப்பு போதும், வழக்கமாக 5500 போர்ட். ஜேசனில் கடைசிப் பொருளுக்குப் பின் காற்புள்ளி கூடாது, ஒற்றை மேற்கோள் கூடாது. பிறகு கோப்பின் பெயரை வேண்டுமென்றே தப்பாக எழுதுங்கள். 404 வந்தாலும் ஃபெட்ச் தோல்வி என்று சொல்லாது, கேட்சுக்குள் போகாது. ரெஸ்பான்ஸின் ஓகே பண்பை நீங்களே பார்த்தாக வேண்டும்.

---

கோட்டோவியம் பதில்:

எப்போது விடையைப் பார்க்கலாம் என்ற முதல் பதிவின் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. விடை பார்ப்பதற்கு என் விதி நேரத்தை வைத்து அல்ல, கேள்வியை வைத்து. "ஓடவில்லை" என்ற நிலையில் பார்க்காதீர்கள். "எந்த வரி வரை சரி, அங்கே எந்த வேரியபிளில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கிறது" என்று மூன்றையும் எழுத முடிந்த பிறகு பாருங்கள். அதை எழுத கன்சோல்.லாக் போட வேண்டியிருக்கும். போட்டால் பாதி முறை விடை தேவைப்படாது. டெவ்டூல்ஸில் வரி எண்ணைச் சொடுக்கி பிரேக்பாயின்ட் (கோடு அந்த வரியில் நின்றுவிடும் குறி) வைக்கவும் பழகுங்கள்.

பார்த்துவிட்டீர்கள் என்றால் படித்துவிட்டு மூடிவைத்து எழுதுங்கள். பார்த்துக்கொண்டே தட்டுவது வீடியோவோடு சேர்ந்து தட்டுவதுதான்.

ஏஐ சாட்டைக் கேட்பதானால் கோடு கேட்காதீர்கள். "என் ஃபங்ஷன் இது, விதி இது, இதை உடைக்கும் உள்ளீடு ஐந்து தா, திருத்தம் தராதே" என்று கேளுங்கள். எதிர்பார்க்கும் விடையை மட்டும் நீங்களே கணக்குப் போடுங்கள், அது தரும் விடையிலும் பிசகு வரும்.

ஃப்ரீகோட்கேம்ப் (freeCodeCamp) என்ற கற்றல் தளத்தின் படிப்படியான பாடங்கள் நல்லவைதான். ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே எழுதிய கோடில் ஒன்றிரண்டு வரியை நிரப்பச் சொல்பவை. உங்கள் நோய் வெற்றுக் கோப்பு, அதற்கு அவை நேர் மருந்தல்ல. அங்கே சான்றிதழுக்காக வைத்திருக்கும் புராஜெக்டுகள் வேறு வகை, தேவைகளை மட்டும் பட்டியலிட்டு விட்டுவிடும், அவற்றை எடுங்கள். எம்டிஎன் (MDN) என்ற வெப் ஆவணத் தளத்தின் கற்றல் பகுதியில் பாடங்களுக்கு இடையிடையே 'டெஸ்ட் யுவர் ஸ்கில்ஸ்' என்று குட்டிக் குட்டிச் சோதனைகள் உண்டு, இலவசம்.

லைவ் சர்வரில் ஒரு எச்சரிக்கை. 127.0.0.1 என்ற முகவரியில் சேமித்த பட்டியல், அதே பக்கத்தை லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்தால் தெரியாது. உலாவிக்கு அவை இரண்டும் வெவ்வேறு தளங்கள். சேமிப்புப் பயிற்சியில் "எல்லாம் அழிந்துவிட்டது" என்று கோடைக் கலைக்கத் தொடங்கும் முன் முகவரிப் பட்டையைப் பாருங்கள்.